சிவகாமிக்கு எந்த வரன்?

இந்த முறை சமையல் குறிப்பும் இல்லை, கை வைத்தியமும் இல்லை. சகோதரிகள் மன்னிக்க வேண்டும். ஒரு கதையைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது எங்கள் வீட்டுச் சமாசாரத்தில் போய் நின்றுவிட்டது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போன மாதம் எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஒரே வலி. "நின்னுக்கிட்டே எல்லா வேலையும் செய்யாதீங்க. மத்தியானம் காலைத் தலையணை மேல தூக்கி வச்சு அரை மணி நேரமாவது படுங்க" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். படுத்தால் தூக்கம் வருகிறதா? அடுப்பில் வைத்த பால் ஞாபகம்தான் வருகிறது. பரணில் கிடந்த பாட்டியின் தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். அதற்குள் இருந்தது 'சிவகாமியின் சபதம்'.

கடையில் வாங்கிய புத்தகம் இல்லை. 1944 முதல் 1946 வரை 'கல்கி' பத்திரிகையில் தொடராக வந்தபோது, பாட்டி வாராவாரம் பக்கங்களைப் பிரித்து எடுத்து, கோணி ஊசியால் தைத்து, பழைய புடவைத் துணியில் அட்டை போட்டு வைத்தது. இடையிடையே சோப்பு விளம்பரம், தலைவலித் தைல விளம்பரம் எல்லாம் வரும். பாட்டி அப்போது கல்யாணமாகி வந்த புதுப் பெண். அடுப்படியில் உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்பதற்குப் பக்கங்களில் எண்ணெய்க் கறை சாட்சி.

எங்கள் திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் பஸ்ஸில் அரை மணி தூரம். அந்தக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்த ஓர் இரவில்தான் இந்தக் கதைக்கு வித்து விழுந்தது என்று கல்கி எழுதியிருக்கிறார். அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இது வெறும் நாவல் இல்லை. அக்கம்பக்கத்து வீட்டில் நடந்த விஷயம் மாதிரி பேசுவோம். எங்கள் கோயிலிலேயே ஒரு கல்வெட்டு உண்டு. ஸ்கந்தசிஷ்யன் என்ற பழைய ராஜா இந்தக் கோயிலுக்கு நிலம் விட்டதையும், 'வாதாபி கொண்ட' நரசிங்கப் போத்தரையர் அதை அப்படியே காத்து வந்ததையும் சொல்லி, ஆதித்த சோழன் காலத்தில் மறுபடி உறுதி செய்து வெட்டிய கல்வெட்டு. அந்த நரசிங்கர்தான் கதையில் வரும் மாமல்லர். 642-ல் வாதாபியைப் பிடித்தவர். ஆக, நம் கதாநாயகர் எங்கள் ஊர்க் கல்லில் பெயர் உள்ளவர்! சிவகாமி மட்டும் எந்தக் கல்லிலும் இல்லை. அவளும், அவள் அப்பா ஆயனச் சிற்பியும், நாகநந்தி என்ற புத்த பிக்ஷுவும் கல்கியின் கற்பனை.

படிக்காத இளம் தாய்மார்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காஞ்சிக்கு வெளியே காட்டில் சிற்பம் செதுக்கும் ஆயனரின் ஒரே பெண் சிவகாமி. பரதத்தில் அவளுக்கு இணை கிடையாது. மகேந்திர பல்லவரின் மகன் மாமல்லர் அவளை விரும்புகிறார், அவளும்தான். நாகநந்தியும் அவளைச் சுற்றி வருகிறார். அவர் வெறும் பிக்ஷு இல்லை. சாளுக்கிய அரசன் புலிகேசியின் சகோதரர், அச்சாக அவனைப் போலவே இருப்பவர். யுத்தம் வருகிறது. சாளுக்கியர்கள் சிவகாமியை வாதாபிக்குச் சிறை கொண்டு போகிறார்கள். அங்கே தமிழ்நாட்டிலிருந்து பிடித்து வந்தவர்களைச் சாட்டையால் அடிக்க, அவர்களைக் காப்பாற்ற அவள் நாற்சந்தியில் ஆடுகிறாள். அந்த அவமானத்தில், "மாமல்லர் இந்த நகரை எரித்து என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் வரை இங்கிருந்து நகர மாட்டேன்" என்ற மாதிரி ஒரு சபதம் செய்கிறாள். மாமல்லர் மாறுவேஷத்தில் வந்து கூப்பிட்டும் போக மறுக்கிறாள். படை திரட்டி அவர் திரும்பி வர ஒன்பது வருஷம் ஆகிறது.

நான் எட்டாம் வகுப்பில் முதல் தடவை படித்தேன். எங்கள் வகுப்பில் மொத்தப் பேரும் மாமல்லர் கட்சி. பிக்ஷு என்றாலே பல்லைக் கடிப்போம். பாட்டி தைத்து வைத்த பக்கங்களில் பிக்ஷுவின் படம் வந்த இடத்தில் பென்சிலால் அவர் கண்ணைக் குத்தியிருக்கிறேன். ஓட்டை இன்னும் இருக்கிறது. அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடியும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தபோதுதான் ஒன்று தோன்றியது. எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் புத்தியோடே படித்ததில், தரகர் மாதிரி இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

பார்த்தால், பெண்ணைப் பெற்றவர்கள் எதையெல்லாம் 'நல்ல குணம்' என்று எழுதி வைத்துக்கொள்வோமோ, அதில் பாதிக்கு மேல் பிக்ஷுவிடம் இருக்கிறது! அவளுடைய கலையின் அருமை அவரைப் போல் யாருக்கும் தெரியாது. ஒரு முத்திரை பிசகினாலும் அவருக்குப் புரியும். படிப்பு இருக்கிறது, பாஷைகள் தெரியும், பேச்சு தேன். மாமனாராக வரக்கூடிய ஆயனரிடம் எத்தனை மரியாதை! அஜந்தாவின் அழியாத வர்ணத்துக்காக ஆயனர் ஏங்குகிறார் என்று தெரிந்து, அந்த ரகசியத்தைத் தருவித்துக் கொடுப்பதாக ஆசை காட்டி வீட்டுக்குள் இடம் பிடித்துக்கொள்கிறார். எல்லாவற்றுக்கும் மேல், அவர் மனசு மாறுவதே இல்லை. முதல் பாகத்திலிருந்து நாலாம் பாகம் வரை அவருக்கு அவள் ஒருத்திதான். மூன்றாம் பாகத்துக்குக் கல்கி 'பிக்ஷுவின் காதல்' என்றே பெயர் வைத்திருக்கிறார்.

மாமல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது பார்த்தாலும் ராஜ்ய வேலை. அப்பா சொன்னால் கோட்டைக்குள் இருப்பார், அப்பா விட்டால்தான் யுத்தத்துக்குப் போவார். கோபக்காரர். வருகிறேன் என்றால் வரத் தாமதம். கடைசியில் தந்தையின் வற்புறுத்தல், ராஜ்யத்தின் தேவை என்று பாண்டிய ராஜகுமாரியைக் கல்யாணமும் செய்துகொண்டு விடுகிறார். அங்கே ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டு இருக்கிறாள்!

இதைத்தான் கதாசிரியரின் கெட்டிக்காரத்தனம் என்பேன். கெம்புக் கல் பதிக்கிற ஆசாரி கல்லுக்கு அடியில் பளபளவென்று மெல்லிய தகடு ஒன்று வைப்பார். கல்லின் நிறம் எடுப்பதே அந்தத் தகட்டால்தான். கல்லில் கீறல் இருந்தால் அதையும் அந்தத் தகடு காட்டிக் கொடுத்துவிடும். பிக்ஷுவின் பக்கத்தில் நிறுத்தியதால் மாமல்லரின் பெருமையும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. கதையில் ஊமையாய் வந்து போகும் மற்ற ஜோடிகளைச் சேர்த்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ரதம் ஓட்டும் கண்ணபிரானும் கமலியும் சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருக்கிறார்கள். பரஞ்சோதிக்குத் திருவெண்காட்டில் ஓர் உமையாள். அந்தக் காதலில் ஆரவாரமே இல்லை.

சரி, பிக்ஷுவின் தவறுதான் என்ன? அவளை ரசித்ததா? இல்லை. பரஞ்சோதியிடம் அவர் கொடுத்தனுப்பும் ஓலையில் விஷயம் வெளிப்படுகிறது. புலிகேசியைப் படையெடுத்து வரச் சொல்கிறார். காஞ்சியை நீ எடுத்துக்கொள், சிவகாமியை எனக்கு விட்டுவிடு என்று பங்கு பிரிக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? அவள் ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு, அவள் ஒரு மனுஷி என்பது தெரியவில்லை. ஒரு நல்ல விக்கிரகத்தைப் பார்த்தவன், அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பது மாதிரி.

மாமல்லரின் தவறு வேறே. அவர் கல்யாணம் செய்துகொண்டதைக்கூட நான் மன்னித்துவிடுவேன். அவளிடம் யாரும் சொல்லவில்லையே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஒன்பது வருஷம் காத்திருந்து, ஊர் எரிந்து, சபதம் நிறைவேறி, காஞ்சிக்குத் திரும்பி வந்த பிறகு, பட்ட மகிஷியும் குழந்தைகளும் இருப்பதை அவள் தன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைப் படித்துவிட்டுப் பக்கத்தை மூடி வைத்தேன். காரணம் கதை இல்லை, என் அக்கா.

அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "எழுதிக்கோடி. ஆனா உங்க மாமாவைக் கெட்டவர்னு மட்டும் எழுதிடாதே" என்றாள்.

அக்கா நன்றாகப் பாடுவாள். எங்கள் ஊர் சங்கு தீர்த்தக் குளக்கரையில் நடந்தபடி அவள் முணுமுணுத்தால்கூட துணி துவைக்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளுக்கு இருபது வயது இருக்கும்போது உறவிலேயே ஒரு வரன். நல்ல பையன். கல்பாக்கத்தில் வேலை. இரண்டு தங்கைகள் இருந்தார்கள். "அவங்களைக் கரையேத்திட்டு வரேன், ரெண்டு வருஷம் பொறுத்துக்கங்க" என்று அப்பாவிடம் அவரே வந்து சொன்னார். பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அக்கா பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் பாட்டு வகுப்புக்குப் போகும்போது வழியில் பார்த்தால், "குடை எடுத்துக்கிட்டியா?" என்று கேட்பார். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு வருஷம் நாலு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் தபாலில் மஞ்சள் தடவிய பத்திரிகை வந்தது. பெண் வேறே யாரோ. என்ன கஷ்டமோ, பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். முன்னாலேயே ஒரு வார்த்தை வந்து சொல்லியிருக்கலாம். அப்பா பத்திரிகையைப் படித்துவிட்டு மேஜை மேல் வைத்தார். அக்கா அதை எடுத்து மற்றப் பத்திரிகைகளோடு கம்பியில் குத்தி மாட்டிவிட்டு, அரிசி களையப் போனாள்.

அடுத்த வருஷமே வந்தவர்தான் மாமா. பெண் பார்க்க வந்த அன்று ஒரு பாட்டுப் பாடச் சொன்னார்கள்; ஒன்று, இரண்டு, நாலு என்று போயிற்று. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராகம் சொன்னார், எந்த இடத்தில் அழகு என்று சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அக்காவின் பாட்டை அப்படிக் கேட்டதில்லை. "பாட்டுக்காகவே பெண்ணை எடுக்கிறார், நம்ம அதிர்ஷ்டம்" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னாள்.

மாமா நல்லவர். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அக்காவுக்குத் தம்புரா வாங்கிக் கொடுத்தார். தினம் சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். அவள் பாட வேண்டும். கோயிலில் நவராத்திரிக்குப் பாடக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றார். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை வந்தது, வேண்டாம். குழந்தைகளுக்கு வீட்டில் சொல்லித் தரலாமா என்றாள், "சத்தம்" என்றார். ஒரு தடவை நானே கேட்டுவிட்டேன், "ஏன் மாமா, அக்கா வெளியே பாடினா என்ன?" "ரசிக்கத் தெரியாதவன் காதுல எல்லாம் விழணுமா?" என்றார். கோபமாக இல்லை, பெருமையாகத்தான் சொன்னார்.

நாற்பது வயது வாக்கில் அக்காவுக்குத் தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். தைராய்டு பார்த்தார்கள், உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அதைச் சாக்காக வைத்து அவள் பாடுவதை நிறுத்திவிட்டாள் என்று மாமாவுக்கு இன்றைக்கும் வருத்தம். (தொண்டை அடைப்பு என்றால் சும்மா இருந்துவிடாதீர்கள், காட்டிக்கொள்ளத்தான் வேண்டும். அக்காவுக்கு ஒன்றுமில்லை என்பதால் எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்று ஆகாது.)

இப்போது என் கால் வலிக்காக ஒத்தாசைக்கு வந்து பத்து நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். அன்று கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டே ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். குரல் அப்படியே இருக்கிறது. நான் கதவண்டை வந்து நின்றதைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"கதையில யாரு பக்கம்டி நீ இப்போ?" என்று என்னைக் கேட்டாள்.

"நீ சொல்லேன்" என்றேன்.

"ரெண்டு பேருமே அவளை ஒரு நாற்காலியில உட்கார்ந்து பார்த்தவங்கதான். ஒருத்தர் எழுந்து போயிட்டார், ஒருத்தர் எழுந்துக்கவே இல்லை" என்றாள். மாவு ஒட்டிய கையோடு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் மாமல்லருக்காகக் கொஞ்சம் வாதாடினேன். அவர் உயிரைப் பணயம் வைத்து எதிரியின் ஊருக்குள் போய் அவளைக் கூப்பிட்டார் இல்லையா? அவள் வரமாட்டேன் என்றால் அவரும்தான் என்ன செய்வார்? அக்கா ஒப்புக்கொண்டாள். சிவகாமியிடமும் தப்பு உண்டு என்பது அவள் கட்சி. "கூப்பிட்டப்போ போயிருக்கணும். ஊரை எரிச்சுக் காட்டுன்னு சொன்னா, எரிக்கிறவனுக்கு ஒன்பது வருஷம் ஆகத்தானே செய்யும்?" இதை எங்கள் எட்டாம் வகுப்பில் யாராவது சொல்லியிருந்தால் அவளோடு டூ விட்டிருப்போம்.

கடைசியில் சிவகாமி ஏகாம்பரநாதரையே தன் நாயகனாக வரித்து அந்தச் சந்நிதியில் ஆடுகிறாள். சின்ன வயதில் அந்த முடிவுக்கு அழுதேன். இப்போது அழவில்லை. நாலு பாகத்திலும் அவள் பிறர் கேட்காமல், பிறருக்காக இல்லாமல் தானாக ஆடுவது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. அக்கா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "வேற வழி இல்லாததுக்குப் பேரு பக்தியா?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி என் மகள் விஷயம். மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் ஓவியம் படித்தவள். கோயில்களில் சுவர்ச் சித்திரம் எழுதும் குழுவோடு போகிறாள். ஒரு வேலை என்றால் பத்து நாள், இருபது நாள் வெளியூர்தான். இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன.

முதல் பையன் தாம்பரம். கூடத்துச் சுவரில் அவள் எழுதியிருக்கும் சித்திரத்தைப் பார்த்து அசந்து போனான். போனில் படம் படமாக எடுத்துக்கொண்டான். நிறம், கோடு எல்லாம் விவரமாகப் பேசினான். "இனிமே எங்க வீட்டுச் சுவருக்குத்தான் வரையணும்" என்றதும் எல்லோரும் சிரித்தோம். என் வீட்டுக்காரருக்கு ரொம்பத் திருப்தி. இரண்டாவது பையன் மதுராந்தகம். அதே சுவரை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது மயிலா?" என்று கேட்டான். அது அன்னம். என் மகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! பிறகு, "ஏணி மேல நின்னா வரையறீங்க? யாரு பிடிச்சுப்பாங்க?" என்று கேட்டான்.

பெரியம்மாவும் பெண்ணும் என்ன பேசிக்கொண்டார்களோ, போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் இரண்டு பேருக்கும் ஒரே சேதி அனுப்பினாள். 'கல்யாணத்துக்கு அப்புறமும் மாசத்தில் பத்து நாள் வேலைக்கு வெளியூர் போவேன். அந்தப் பத்து நாள் வீட்டில் யார் சமைப்பது?' என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கேக்கற கேள்வியா இது?"

தாம்பரத்திலிருந்து உடனே பதில் வந்துவிட்டது. 'வெளியூர் எதுக்கு? மாடியில் உனக்காக ஒரு ரூம் கட்டித் தருகிறேன். நாள் பூரா வரையலாம்.' அதைப் படித்ததும் அக்கா எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள்.

மதுராந்தகத்திலிருந்து சாயங்காலம்தான் வந்தது. 'யோசித்துச் சொல்கிறேன். அம்மாவிடமும் பேச வேண்டும்.'

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன ஒருவரைத்தான் இந்த வீடு ஏற்கெனவே பார்த்திருக்கிறதே! அக்காவிடம் சொன்னேன். "யோசிக்கட்டுமே. யோசிக்கிறது நல்லதுதான்" என்றவள், உள்ளே பார்த்து என் மகளைக் கூப்பிட்டாள். "எத்தனை நாள்ல சொல்லுவார்னு கேளுடி. நாள் கேளு."

கேட்டாள். 'வெள்ளிக்கிழமை' என்று வந்தது.

இன்று புதன். காலை மறுபடி தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே அக்கா என் மகளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். பாட்டுச் சத்தம் கேட்கிறது. நான் எழுந்து போகவில்லை.